கோடு போடாத பூசணம்

அத்தியாயம் 6

துப்பறிவாளர் ஏகாம்பரத்துக்கு டெல்லி மாநகரில் ஒரு போர்டு கிடையாது.

அடக்கம் என்று யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம். கிட்வாய் நகரில் அவர் குடியிருந்த சர்க்கார் குவார்ட்டர்ஸ் மந்திராலயத்தில் உத்தியோகம் பார்க்கும் அவர் மனைவி அம்சவேணியின் பெயரில் அலாட் ஆனது. சர்க்கார் வீட்டு வாசலில் தொழில் பலகை தொங்கினால் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வரும். "உங்க தொழிலுக்குத்தான் ஆள் வரலை, இருக்கிற வீடும் போகணுமா?" என்று அம்சவேணி கேட்டாள். அதற்கு அவர் இன்றுவரை பதில் கண்டுபிடிக்கவில்லை. துப்புத் துலங்காத கேஸ்களில் அதுவும் ஒன்று.

இருபத்திரண்டு வருஷம் அதே மந்திராலயத்தில் குமாஸ்தாவாக இருந்தவர் அவர். காணாமல் போன ஃபைல்களைக் கண்டுபிடிப்பதில் பேர் வாங்கினார். அந்தப் பேரை நம்பி விருப்ப ஓய்வும் வாங்கினார். ஃபைல்களுக்குக் கால் கிடையாது, குற்றவாளிகளுக்கு உண்டு என்கிற சின்ன வித்தியாசம் ஓய்வு உத்தரவு கைக்கு வந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

ஏஷியாட் விளையாட்டு முடிந்து இரண்டரை மாதம் ஆகியிருந்தது. பிப்ரவரி வெயில் இதமாக இருந்தது. வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு, ஊரே ஆபீசில் இருக்கும்போது, ஏகாம்பரம் குவார்ட்டர்ஸ் புல்தரையில் நாற்காலி போட்டு ஆரஞ்சுப் பழம் அரிந்துகொண்டிருந்தார். பேனாக்கத்தியால்தான். கடிதம் பிரிக்க, பென்சில் சீவ, நகம் வெட்ட, ஸ்கூட்டர் பிளக்கைச் சுரண்ட, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே கத்தி. வேலை முடிந்ததும் கைக்குட்டையில் இரண்டு இழுப்பு இழுத்து மடக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்.

"அந்தக் கைக்குட்டையை நான் துவைக்க மாட்டேங்க. இப்பவே சொல்லிட்டேன்" என்றாள் முத்தம்மா.

முத்தம்மா ஆத்தூர் பக்கத்துக்காரி. கிட்வாய் நகரில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். ஐந்தாவது வீடு ஏகாம்பரத்தின் துப்பறியும் தொழில். நாலு வீட்டுச் சமாசாரமும் அவள் காதில் விழும். அந்தச் சமாசாரங்களை ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போடும்போது ஏகாம்பரத்தின் மூளை பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். இதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார், ஆனால் அம்சவேணியிடம் இல்லை.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவள் டாக்டர் சாந்தகுமாரி. கையில் பிஸ்கட் டப்பா. முகத்தைப் பார்த்தால் டப்பாவில் பிஸ்கட் இல்லை என்று தெரிந்தது.

"சார், எல்லாம் முடிஞ்சு போச்சு. என்மேலதான் தப்பு" என்றாள் அவள். "இன்னைக்கு நாலு மணிக்கு என் குழாய் அத்தனையும் அவிச்சிருவாங்க."

சாந்தகுமாரி நாகர்கோவில்காரி. ரிட்ஜ் ரோட்டோரம் இருந்த வடமண்டலக் கனிப் பாதுகாப்பு ஆய்வுக்கூடத்தில் ஆறு வருஷமாக ஆப்பிளை அழுக வைப்பதுதான் அவள் வேலை. அழுகுவதற்கென்றே தனியாக ஆள் போட்டிருக்கும் ஓர் இலாகா உண்டு என்று முதலில் கேட்டபோது ஏகாம்பரம் ஆச்சரியப்படவில்லை. அவர் வேலை பார்த்த இலாகாவில் அது தானாகவே நடந்தது.

விவகாரம் இதுதான். ஆஸாத்பூர் மண்டிக்குப் பக்கத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் நாலாயிரம் பெட்டி ஆப்பிள் ஒரே மாதத்தில் அழுகிப் போனது. எல்லாம் பூசண மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்த பழங்கள். அந்த மருந்துக்கு அடங்காத பூசணம் டெல்லியில் ஒரே இடத்தில் இருப்பதாகத்தான் எல்லாரும் அறிந்திருந்தார்கள். சாந்தகுமாரியின் கண்ணாடிக் குழாய்களில். பூசணத்தின் மரபில் எந்த இடம் மாறினால் அது மருந்தை மதிக்காமல் போகிறது என்று பார்ப்பதற்காக அவளே இனம் கலந்து வளர்த்தது, இருநூற்றுப் பன்னிரண்டு குழாய். 'அங்கேயிருந்துதான் வெளியே வந்திருக்கிறது' என்று கிடங்குக்காரர் மந்திராலயத்துக்கு எழுதிவிட்டார்.

குற்றம் சாட்டப்பட்டவளே கிடங்குக்குப் போய் மாதிரி எடுத்தால் யார் நம்புவார்கள்? நடுநிலையான மூன்றாம் மனிதர் ஒருவர் தேவைப்பட்டார். ஏகாம்பரம் ஜனவரி இருபத்தைந்தாம் தேதி காலையில் லேபுக்குப் போய் அழுகல் என்றால் என்ன என்று நேரில் கற்றுக்கொண்டார். மத்தியானம் ஆஸாத்பூர் போனார். காம்பு ஓரத்தில் அழுகல் ஆரம்பித்திருந்த ஓர் ஆப்பிளைத் தேர்ந்தெடுத்து, கிடங்குக்காரர் கண் முன்னாலேயே குறுக்கே இரண்டாக அரிந்தார். ஒரு பாதி டாக்டரம்மாவின் சோதனைக்கு. இன்னொரு பாதி ஆபீஸ் காப்பி.

ஆமாம், ஆபீஸ் காப்பி. எந்தக் காகிதம் வெளியே போனாலும் ஒரு பிரதி ஃபைலில் இருக்க வேண்டும் என்பது இருபத்திரண்டு வருஷப் பழக்கம், ஆப்பிளுக்காக மாறிவிடுமா? தெளிவான பிரதி ஃபைலுக்கு, மங்கலான பிரதி கட்சிக்காரருக்கு என்பதும் அதே பழக்கம்தான். அழுகல் நன்றாகத் தெரிந்த காம்புப் பாதியை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, பழுப்புக் காகிதம் சுற்றி, அரக்கு வைத்து, அம்சவேணியின் மோதிரத்தால் முத்திரை குத்தி ஆய்வுக்கூட டைரக்டர் மாத்தூரிடம் ஒப்படைத்தார். மற்றப் பாதி சாந்தகுமாரி கைக்குப் போக ஆறு நாள் ஆனது. குடியரசு தின லீவு, பிறகு ஏகாம்பரத்துக்கு ஜலதோஷம், பிறகு சனி ஞாயிறு.

"தட்டைக் காட்டுங்க" என்றார் ஏகாம்பரம்.

சாந்தகுமாரி பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். உள்ளே வட்டமான கண்ணாடித் தட்டு. தட்டு முழுக்கச் சாம்பல் நிறத்தில் வெல்வெட் விரித்த மாதிரி பூசணம்.

"இடது பக்கம் என்னோடது. வலது பக்கம் நீங்க கொண்டாந்த பழத்துல இருந்து எடுத்தது. ரெண்டும் வளந்து நடுவுல சந்திக்கும். வேற வேற குடும்பம்னா தொட்ட இடத்துல ரெண்டும் செத்து ஒரு கறுப்புக் கோடு விழும். ஒரே குடும்பம்னா ஒண்ணோட ஒண்ணு கலந்துரும்."

"டெல்லியில ரெண்டு தமிழாளு பாத்துக்கற மாதிரிங்க" என்றாள் முத்தம்மா. "எந்த ஊருன்னு கேக்கற வரைக்கும் சிரிப்பு. கேட்டப்புறம் கோடு."

"குடும்பம்னு எதை வெச்சுச் சொல்றீங்க?" என்று கேட்டார் ஏகாம்பரம், ஏற்கெனவே தெரிந்த விஷயத்தைச் சரிபார்ப்பவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

"அதோட மரபுல ஏழெட்டு இடம் இருக்கு சார். அத்தனையும் பொருந்தணும். ஒண்ணு இடிச்சாலும் கோடுதான்."

"ஜாதகம்" என்றாள் முத்தம்மா.

தட்டில் கோடு இல்லை. ஏகாம்பரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். அப்போதும் இல்லை.

"மாத்தூர் சார் பாத்துட்டாரு. சாயங்காலத்துக்குள்ள மந்திராலயத்துக்குப் பதில் போகணுமாம். குழாய் எல்லாத்தையும் அழிச்சாச்சு, சம்பந்தப்பட்டவளை நீக்கியாச்சுன்னு." சாந்தகுமாரி தட்டை மூடினாள். "எனக்கு வேற எந்த வேலையும் தெரியாது சார். ஆறு வருஷத்துல ஊருக்கு ரெண்டு தடவைதான் போயிருக்கேன். குழாய் காஞ்சிரக் கூடாதுன்னு. அதைக்கூடத் தாங்கிக்கிடுவேன். ஆனா அந்த நாலாயிரம் பெட்டி... அது என்னாலதான்னு நெனச்சாத்தான் சோறு எறங்க மாட்டேங்கு."

ஏகாம்பரத்துக்கு மனசு சங்கடமாகிவிட்டது. சங்கடம் வந்தால் அவருக்கு வீரம் வந்துவிடும். அதுதான் அவருடைய பலவீனம்.

"உங்க பூசணம்தான்னே வெச்சுக்குவோம்" என்றார். "அது தானா நடந்து ஆஸாத்பூர் போகலையே. யாரோ கொண்டுபோயிருக்கணும். லேப் சாவி யார் யார் கிட்ட இருக்கு?"

"என்கிட்ட ஒண்ணு. அட்டெண்டர் பரமசிவம் கிட்ட ஒண்ணு. ஆனா பரமசிவம் ரொம்ப நல்ல மனுஷன்."

ஏகாம்பரம் முத்தம்மாவைப் பார்த்தார். முத்தம்மா ஆரஞ்சுத் தோலைப் பொறுக்கியபடியே பேசினாள்.

"பரமசிவம்ங்கிறது கோல் மார்க்கெட்டுல இருக்கறவருங்களா? எங்க மூணாவது வீட்டு அம்மா அவரு வீட்டுல இருந்துதான் ஆப்பிள் ஜாம் வாங்குது. தமிழாளு செய்யற ஜாம்னு பெருமையா ஃபிரிட்ஜுல வெச்சிருக்கு. எனக்கு என்ன சந்தேகம்னா, லேப்ல எடுபிடி வேலை பாக்கற ஆளுக்கு அத்தனை ஆப்பிள் ஏது?"

ஏகாம்பரம் எழுந்து நின்றார். கத்தியைக் கைக்குட்டையில் இரண்டு இழுப்பு இழுத்து மடக்கினார்.

"டாக்டரம்மா, நீங்க லேபுக்குப் போங்க. நாலு மணிக்குள்ள குற்றவாளியோட வரேன்."

இந்த வாக்கு மட்டும் அப்படியே பலித்தது.

*

ஏகாம்பரத்தின் லாம்பி ஸ்கூட்டர் ஏழு உதைக்குக் குறைந்து கிளம்பியதில்லை. அன்றைக்குப் பதினொன்று. அது போதாதென்று வழியில் இரண்டு முறை படுத்துக்கொண்டது. பிளக்கைக் கழற்றிக் கத்தியால் சுரண்டிச் சுரண்டி, முத்தம்மா இரண்டு முறை இறங்கித் தள்ளி, கோல் மார்க்கெட் போய்ச் சேரும்போது மணி இரண்டரை.

"குற்றவாளி தப்பிச்சு ஓடினா இந்த வண்டியில எப்படிப் பிடிப்பீங்க?" என்றாள் முத்தம்மா.

"ஓட மாட்டான். நம்மைப் பார்த்தால் யாருக்கும் ஓடத் தோணாது."

பழைய குவார்ட்டர்ஸ்களின் பின்பக்கச் சந்தில் ஓர் ஒற்றை அறை வீடு. சந்து முனையிலேயே ஆப்பிளும் சர்க்கரையும் கொதிக்கிற வாசனை வந்துவிட்டது. ஏகாம்பரம் மூக்கை உயர்த்தி, "தடயம்" என்றார். "இந்தத் தடயத்தைத் தெரு நாய்கூட அரை மணியா மோந்துகிட்டு இருக்குதுங்க" என்று முத்தம்மா நாயைக் காட்டினாள். நாய் வாலை ஆட்டியது.

உள்ளே பரமசிவத்தின் மனைவி வீராயி பெரிய அலுமினியச் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாள். ராத்திரி டியூட்டி பார்த்துவிட்டு வந்த பரமசிவம் பனியனோடு உட்கார்ந்து ஆப்பிள் அரிந்துகொண்டிருந்தான். ஏகாம்பரத்தைக் கண்டதும் எழுந்து, கும்பிட்டு, எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே அழ ஆரம்பித்துவிட்டான். இத்தனை சுலபமாக ஒரு குற்றவாளி அகப்பட்டது ஏகாம்பரத்தின் தொழில் வாழ்க்கையில் இதுவே முதல் தடவை. அப்போதே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"எடுத்தது நெசந்தான் சார். ஆனா நல்ல பாதியைத்தான் எடுத்தேன். டாக்டரம்மா ஒரு பழத்துல ஒரு பக்கம் பூசணம் வெச்சா, மறுபக்கம் சும்மா கெடக்கும். சோதனை முடிஞ்சதும் அதையும் சேத்துக் கொட்டச் சொல்லுவாங்க. சோத்துக்கு இல்லாம வந்த ஆளுங்க சார் நாங்க. கொட்ட மனசு வரலை."

"அந்தப் பழத்தை ஆஸாத்பூருக்கு எப்போ கொண்டுபோனே?" என்றார் ஏகாம்பரம் கடுமையாக.

பரமசிவத்துக்குக் கேள்வியே புரியவில்லை. "ஆஸாத்பூரா? அங்க எதுக்கு சார் போறேன்? நாலு வருஷமா எனக்கு லேப், வீடு, முருகன் கோயில். அவ்வளவுதான்."

"ஜாமை மண்டிக்குப் போடறதில்லையா?"

"ஐயா," என்றாள் முத்தம்மா மெதுவாக, "ஜாம் கொதிக்கறதைப் பாருங்க. இந்தச் சட்டியில விழுந்தா நாமளே பொழைக்க மாட்டோம். பூசணம் பொழைக்குமா?"

ஏகாம்பரம் சட்டியைப் பார்த்தார். ஜாம் கொப்புளம் விட்டுக் கொதித்தது. கேஸ் கையை விட்டு நழுவுவது தெரிந்தது. ஆனால் பழத்தை நேரில் பரிசோதிக்காமல் ஒரு துப்பறிவாளர் தோல்வியை ஒப்புக்கொள்ளக் கூடாது. தட்டிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்தார். பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்து விரித்தார்.

பரமசிவம் தாவி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"சார், அந்தக் கத்தி வேண்டாம்."

"ஏன்?"

"அன்னைக்குக் காலையில லேப்ல நீங்க அழுகல் பழத்தை அரிஞ்சு பாத்தது இந்தக் கத்திதானே சார். அதுக்கப்புறம் நெருப்புல காட்டினீங்களா?" அவன் தன் தட்டிலிருந்து இரண்டு கத்திகளை எடுத்துக் காட்டினான். ஒன்றின் பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. "நல்லதுக்கு இது, அழுகலுக்கு நூல் கட்டினது. ரெண்டையும் ஸ்டவ்வுல காட்டிட்டுத்தான் தொடுவேன். டாக்டரம்மா மொத நாளே சொல்லிக் குடுத்தது. ஊசியைக்கூட ஒவ்வொரு தடவையும் சுட்டுத்தான் வேலை பாப்பாங்க."

வீராயி கிளறுவதை நிறுத்தினாள். நாய்கூட வாலை ஆட்டுவதை நிறுத்தியது போல ஏகாம்பரத்துக்குத் தோன்றியது.

"நெருப்பெல்லாம் ஏதுண்ணே" என்றாள் முத்தம்மா. "கைக்குட்டையில தொடச்சாரு."

முத்தம்மாதான் தொடர்ந்தாள்.

"எங்க ரெண்டாவது வீட்டு அம்மா பத்து பாக்கும், தீட்டு மாதிரி. சோறு தொட்ட கையால தயிரைத் தொட்டா பத்து. கையைக் கழுவிட்டுத்தான் தொடணும். நான் மறந்துட்டேன்னா அன்னைக்கு ஊறுகாய் ஜாடி, நெய்ச் சட்டி எல்லாத்துக்கும் பத்து வந்துரும். பதினோரு வருஷம் ஏச்சு வாங்கினேன். இந்த அம்மாவுக்கு வேற வேலை இல்லைன்னு மனசுக்குள்ள திட்டாத நாள் கெடையாது." அவள் ஏகாம்பரத்தின் கத்தியைப் பார்த்தாள். "அழுகல் தொட்ட கத்தியால ஆஸாத்பூர் ஆப்பிளைத் தொட்டீங்க. பத்து ஒட்டிக்கிச்சு. டாக்டரம்மா அவங்க பூசணத்தை அவங்க பூசணத்தோடயே சேத்து வெச்சா கோடு எங்கிருந்துங்க வரும்?"

ஏகாம்பரம் ஆப்பிளைத் தட்டில் திருப்பி வைத்தார்.

கேஸ் துலங்கிவிட்டது. குற்றவாளி கையும் கத்தியுமாக அகப்பட்டான். வயது ஐம்பத்தொன்று, நடுத்தர உயரம், தொந்தி உண்டு, கண்ணாடி அணிந்தவன், கிட்வாய் நகரில் மனைவி பேரில் குடியிருப்பவன். இருநூற்றுப் பன்னிரண்டு குழாய்களையும் ஒரு பெண்ணின் ஆறு வருஷத்தையும் ஓர் அழுக்குக் கைக்குட்டையால் துடைத்துப் போட்டவன்.

இதைத் தெரிந்தவர்கள் இந்த அறையில் இருக்கும் மூன்று பேர்தான் என்பதும் அவருக்குத் தோன்றாமல் இல்லை. பரமசிவம் ஜாம் விஷயத்துக்காக வாயைத் திறக்க மாட்டான். வீராயியும் அப்படியே. முத்தம்மா? அவளிடம் வாயை மூடு என்று சொல்லும் தைரியம் அவருக்கு என்றைக்கும் இருந்ததில்லை. ஆனால் சொன்னால் கேட்பாள் என்றுதான் நினைத்தார். பேசாமல் வீட்டுக்குப் போய் மிச்ச ஆரஞ்சைச் சாப்பிடலாம். நாலு மணிக்கு எல்லாம் முடிந்துவிடும். போர்டு இல்லாவிட்டாலும் இருக்கிற கொஞ்சப் பேராவது மிஞ்சும்.

சோறு எறங்க மாட்டேங்கு என்று சாந்தகுமாரி சொன்னது காதில் கேட்டது.

"மணி என்ன?" என்றார்.

"மூணு பத்து சார்" என்றான் பரமசிவம்.

"சட்டையைப் போடு. நீயும் வா. உன் ரெண்டு கத்தியையும் எடுத்துக்கோ."

"ஒரு வண்டியில மூணு பேருங்களா?" என்றாள் முத்தம்மா.

"நாலு. குற்றவாளியையும் சேர்த்துக் கூட்டிட்டுப் போறோம்."

"அப்பவும் மூணுதாங்க" என்று சொல்லிவிட்டு முத்தம்மா ஸ்கூட்டரைத் தள்ளப் போனாள்.

*

ஆய்வுக்கூடத்தின் நடு அறையில் குழாய்களை அவிக்கிற பெரிய கொதிகலன் இருந்தது. பார்ப்பதற்கு நம் வீட்டுப் பிரஷர் குக்கர்தான், ஓர் ஆள் உள்ளே நிற்கலாம். பக்கத்தில் மரச் சட்டங்களில் குழாய்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் சாந்தகுமாரியின் குண்டு எழுத்தில் ஒரு சீட்டு. அவள் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. அழுது முடித்தவள் முகம்.

"ஆயியே, ஏகாம்பரம்ஜி, வாருங்கள்" என்றார் டைரக்டர் மாத்தூர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி. மூன்று ஐம்பது. "குற்றவாளி கிடைத்தானா?"

"கிடைச்சான் சார்."

"யார்?"

ஏகாம்பரம் பேனாக்கத்தியை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதன் பக்கத்தில் கைக்குட்டையை வைத்தார். பிறகு இருபத்தைந்தாம் தேதி காலை முதல் மத்தியானம் வரை நடந்ததை, ஒரு நோட்டிங் வாசிப்பது போல, ஒரு வரி விடாமல் சொன்னார். தன்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சேர்க்க இடம் இருக்கிறதா என்று நடுவில் தேடினார். இல்லை.

சாந்தகுமாரி சுவரை விட்டு நகர்ந்து வந்தாள்.

"என் பழத்தை அரிஞ்ச கத்தியாலயா?"

"ஆமாம்மா."

"பிளேடைச் சுடலை?"

"துடைச்சேன்."

அவள் அவரைப் பார்த்த பார்வையில் கோபம், அழுகை, சிரிப்பு மூன்றும் இருந்தன. எது முதலில் வருவது என்று அவளுக்கே தெரியவில்லை.

"நான் வாங்கும்போது உங்க பாதியோட வெட்டு முகம் பூராவும் பூத்துக் கெடந்துச்சு. நானும் அதுல இருந்துதான் எடுத்தேன்" என்றாள். "காம்பு ஓரத்துல எடுத்திருக்கணும். அந்தப் பாதியில காம்பே இல்ல."

"இது ஒரு கதை" என்றார் மாத்தூர். "கதைக்காக மந்திராலயத்தைக் காக்க வைக்க முடியுமா? அந்தப் பாதி போய்விட்டது. உங்கள் வார்த்தையைத் தவிர வேறு என்ன சாட்சி?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று ஏகாம்பரம் யோசிக்கவில்லை. யோசிப்பது முத்தம்மாவின் இலாகா.

"ஐயா," என்றாள் முத்தம்மா கதவோரத்தில் இருந்து, "ஆபீஸ் காப்பி."

ஹார்லிக்ஸ் பாட்டில் டைரக்டரின் பீரோவில் பழுப்புக் காகிதத்துக்குள் அரக்கோடு பத்திரமாக இருந்தது. மூன்று வாரமாக அதை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. பிரிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை, ஆபீஸ் காப்பிகளின் தலையெழுத்து அது. ஏகாம்பரம் அம்சவேணியின் மோதிர முத்திரையை உடைத்தார். காகிதத்தைச் சுருட்டிப் போட்டுவிட்டு, பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

அரை ஆப்பிள் சுருங்கிப் போயிருந்தது. வெட்டு முகம் முழுக்கச் சாம்பல் வெல்வெட். அது கத்தி கொண்டுவந்தது. மேலே காம்புக் குழியைச் சுற்றி அதே நிறத்தில் இன்னொரு வெல்வெட். அது ஆஸாத்பூரிலேயே இருந்தது. இரண்டும் பரவிப் பரவி ஓரிடத்தில் சந்தித்திருந்தன.

சந்தித்த இடத்தில் ஒரு கோடு. தட்டில் விழுகிற மாதிரி நேராக இல்லை. கை நடுங்கும் கிழவன் மை தீட்டிய மாதிரி வளைந்து நெளிந்து, ஆனால் கன்னங்கரேலென்று ஒரு கோடு.

சாந்தகுமாரி பாட்டிலை வாங்கிக்கொண்டாள். லென்ஸ் வைத்துப் பார்த்தாள், திருப்பினாள், மறுபடி பார்த்தாள்.

"வேற குடும்பம்" என்றாள். "என்னோடது இல்ல."

"பிறகு அது எங்கிருந்து வந்தது?" என்றார் மாத்தூர். "அதுவும் மருந்துக்கு அடங்கவில்லையே."

"எங்கிருந்தும் வரல சார். அங்கேயே பொறந்தது. வருஷா வருஷம் அதே மருந்துல முக்குதாங்க. கோடிக்கணக்கான விதையில ஒண்ணோட மரபுல ஓர் இடம் தற்செயலா மாறியிருக்கும். மருந்து மத்த எல்லாத்தையும் கொன்னுட்டு அது ஒண்ணுக்கு இடம் காலி பண்ணிக் குடுத்திருச்சு. என்னோடதுலயும் அதே இடந்தான் மாறியிருக்கணும். மூக்கு ஒரே மாதிரி இருக்குங்கிறதுக்காக ரெண்டு பேரு சொந்தக்காரங்க ஆயிர மாட்டாங்க."

மாத்தூர் பாட்டிலை வாங்கிப் பார்த்தார். பிறகு கொதிகலனை அணைக்கச் சொன்னார். "தட்டில் புதிதாக ஒரு தடவை செய்து காட்டுங்கள். பத்து நாள் தருகிறேன். ஆனால் மந்திராலயத்துக்கு இன்றைக்கு நான் என்ன எழுதுவது? தாமதத்துக்குக் காரணம் வேண்டும். எழுத்தில் வேண்டும்."

எல்லாரும் ஏகாம்பரத்தைப் பார்த்தார்கள்.

அவர் ஒரு காகிதம் கேட்டு வாங்கினார். கார்பன் தாள் இரண்டும் கேட்டு வாங்கினார். 'கீழே கையொப்பமிட்டுள்ள ஏகாம்பரம், தனியார் துப்பறிவாளர், தடயத்தைத் தன் அஜாக்கிரதையால் தானே கெடுத்தார்' என்று ஆரம்பித்து, ஐந்து பத்தியில், எண்ணிட்டு, ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினார். இருபத்திரண்டு வருஷ சர்வீசில் இத்தனை நல்ல டிராஃப்ட் அவர் எழுதியதில்லை என்று அவருக்கே தோன்றியது. கையெழுத்துப் போடும்போது மட்டும் பேனா கொஞ்சம் தயங்கியது. மந்திராலயம் முழுக்க இது சுற்றும். பழைய சிநேகிதர்கள் டீயோடு வாசிப்பார்கள். அடுத்த வாரமே அம்சவேணிக்கும் தெரிந்துவிடும்.

கையெழுத்துப் போட்டார்.

"இதுல ஜாம் விஷயம் எங்க சார்?" என்று பரமசிவம் காதோடு கேட்டான்.

"எந்த ஜாம்?" என்றார் ஏகாம்பரம்.

*

ஒன்பதாம் நாள் சாந்தகுமாரி சொல்லி அனுப்பினாள். ஏகாம்பரமும் முத்தம்மாவும் போனார்கள்.

மேஜைமேல் தட்டு இருந்தது. இடதில் ஒன்று, வலதில் ஒன்று, நடுவில் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி கறுப்புக் கோடு. வலதில் இருந்தது, பாட்டில் ஆப்பிளின் காம்போரமாக, சுட்ட ஊசியால், அவளே எடுத்து வைத்தது. மாத்தூர் அதைப் படம் பிடித்து மந்திராலயத்துக்கு அனுப்பிவிட்டார். மரச் சட்டங்கள் அலமாரிக்குத் திரும்பியிருந்தன.

"சோறு இறங்குதா?" என்று கேட்டார் ஏகாம்பரம்.

"ரெண்டு நாளா ரொம்ப இறங்குது சார்" என்று சிரித்தாள் அவள். "உங்களுக்கு?"

"வீட்டில் ரெண்டு நாளாக எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். நான் தொட்டால் பத்தாம். அம்சவேணி மந்திராலயத்துக் காப்பியைப் படிச்சாச்சு."

சாந்தகுமாரி சட்டத்தின் கடைசியில் இருந்து ஒரு குழாயை எடுத்து நீட்டினாள். இருநூற்றுப் பதின்மூன்றாவது. உள்ளே ஆஸாத்பூர்ப் பூசணம் சாம்பலாகப் பூத்திருந்தது.

"புது இனம் கெடச்சா, கொண்டாந்த ஆளு பேரை வைக்கிறது எங்க வழக்கம். பதிவேட்டுலயும் அப்படியே ஏத்தியாச்சு. நான் இந்த வேலையில இருக்கிற வரைக்கும் இது இங்கதான் இருக்கும்."

ஏகாம்பரம் சீட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கப் போனவர், கைக்குட்டையை எடுத்துவிட்டு, யோசித்துப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டார்.

"என்னங்க எழுதியிருக்கு?" என்று கேட்டாள் படிக்கத் தெரியாத முத்தம்மா.

"ஏகாம்பரம் ஒண்ணு."

முத்தம்மா குழாயை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். உள்ளே இருந்த அழுகலையும், வெளியே ஒட்டியிருந்த பெயரையும், பக்கத்தில் நின்ற மனிதரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒரு வழியா உங்களுக்கும் போர்டு வந்துருச்சுங்க" என்றாள்.